வயதான நாய்க்கு மூட்டுவலித் தீனி செய்யும்போது சொதப்பும் இடங்கள்

எங்கள் ஜிம்மிக்கு 11 வயது முடிந்த சமயம், ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள், மேலே பார்த்தாள், வாலை இரண்டு தடவை ஆட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டாள். லேப்ரடார், 36 கிலோ. டாக்டர் பின்னங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, இடுப்பில் மூட்டுத் தேய்மானம் என்றார். வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சித்தி ஆட்டுக்கால் சூப் என்றார், பக்கத்து வீட்டுக்காரர் பிரண்டை என்றார், நான் என் பங்குக்கு வீடியோ பார்த்து தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போட்டு பிஸ்கட் சுட்டேன். மூன்று மாதத்தில் அவள் எடை 38 ஆனது, நடை இன்னும் மோசமானது.

இத்தனைக்கும் நாங்கள் யாரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாரும் எதையோ "கூடுதலாக" கொடுத்தோம், அவ்வளவுதான். அதுதான் முதல் தப்பு, மற்ற தப்புகளுக்கெல்லாம் அம்மா.

மூட்டு தேய்ந்த நாய்க்குக் கூடுதல் எடை என்பது ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் அடி. 30 கிலோ இருக்க வேண்டிய ஒரு நாயை இளைக்க வைக்க ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரியில் ஆரம்பிப்பார்கள். அதில் நொறுக்குத் தீனிக்கு உரியது பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கலோரி. ஒரு மேசைக்கரண்டி நெய்யோ தேங்காய் எண்ணெயோ ஊற்றினாலே 120-ஐத் தாண்டிவிடும். டீக்குத் தொட்டுக்கொள்ளும் சின்ன பிஸ்கட்டே ஒன்று 25 கலோரி வரும். காலையில் அப்பா இரண்டு, சாயங்காலம் அம்மா இரண்டு போட்டால் கணக்கு முடிந்தது, நீங்கள் செய்த மூட்டுத் தீனிக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்தே ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதைவிட இன்னொன்றுக்குக் கால் பங்கு குறைத்துக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவில், குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 1.8 வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. எந்த மூலிகைப் பிஸ்கட்டும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆகவே நீங்கள் செய்யும் தீனி சாப்பாட்டுக்கு மேல் போகக்கூடாது, சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகப் போக வேண்டும்.

நாய் குண்டா இல்லையா என்று தெரிய எடை மெஷின் கூட வேண்டாம். ஒரு கையை நீட்டி, அதன் புறங்கையை மறு கை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு லேசாகத் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் சரி. முஷ்டி மடக்கினால் கணுக்கள் துருத்துமே, அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால், சித்தியிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அடுத்தது கால்சியம். "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லே நம்மைத் தப்பான கடைக்கு அனுப்புகிறது. தேய்வது எலும்பு முனையில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு. கால்சியம் போதாமல் வரும் நோய் இல்லை இது. முட்டை ஓட்டுப் பொடி, கால்சியம் சிரப், மாத்திரை என்று பிஸ்கட் மாவில் கலப்பதால் மூட்டுக்கு ஒரு பயனும் கிடையாது. பாக்கெட் உணவு சாப்பிடும் நாய்க்கு அதிலேயே அளவாகக் கால்சியம் இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு மட்டும் சாப்பிடும் நாய்க்குக் குறை இருக்கலாம், ஆனால் அதை டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இனி ஆட்டுக்கால் சூப். இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் நாய்க்கென்று தனியாக யார் வைப்பார்கள்? வீட்டுக்கு வைத்ததில் ஒரு கிண்ணம் ஊற்றுவோம். அதில் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, உப்பு எல்லாம் இருக்கும். வெங்காயம், பூண்டு வகையறா நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக இருந்தாலும் அந்தக் குணம் போகாது, வடிகட்டினாலும் சாறு அதில்தான் இருக்கும். ஒரு நாள் கொஞ்சம் போனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அதனால்தான் "எங்க நாய் தினமும் குடிக்குதே, நல்லாத்தானே இருக்கு" என்ற பேச்சு வருகிறது. நிறையப் போனாலோ அடிக்கடி போனாலோ, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும். வயதான நாய் சோர்ந்து படுத்தால் நாம் என்ன சொல்வோம்? வயசாகிவிட்டது என்போம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஜிம்மிக்கு நான் இப்போது வைக்கும் முறை இது. முடி சுட்டுச் சுத்தம் செய்த ஆட்டுக்கால் நான்கு, தண்ணீர், ஒரு சின்னத் துண்டு இஞ்சி. உப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது. குக்கரில் முக்கால் மணி நேரம். இறக்கியதும் நல்ல சல்லடையில் வடிகட்டி எலும்பை மொத்தமாக எடுத்து மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். பல நாய்கள் மாட்டுவது கிண்ணத்தில் இல்லை, குப்பையில். வடித்ததை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே வெள்ளையாக ஒரு கொழுப்புத் தகடு உறைந்திருக்கும். கரண்டியால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் அப்பளம் மாதிரி உடைந்து வரும். அதை முழுக்க எடுத்து வீசிவிடுங்கள். வயதான நாய்க்கு அவ்வளவு கொழுப்பு ஒரே நேரத்தில் போனால் கணையம் வீங்கி, வாந்தியும் வயிற்றுவலியுமாக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். கீழே இருப்பது ஆடும் ஜெல்லி. அதை லேசாகச் சூடாக்கி ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, ஒரு நாளைக்கு ஒரு கட்டி.

அந்த ஜெல்லி மூட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது ஜெலட்டின், வயிற்றில் மற்றப் புரதம் மாதிரியே செரிக்கும். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டதாகச் சொல்லப்படும் கொலாஜன் என்ற புரதம் வேறு, அது சூடு காட்டாமல் வடிவம் கெடாமல் எடுப்பது. நம் குக்கரில் அந்த வடிவம் நிற்காது. கால்சியமும் சூப்பில் சொற்பம்தான். பிறகு எதற்கு வைக்கிறேன்? வாசனைக்கு. பசிக்காமல் முகத்தைத் திருப்பும் கிழட்டு நாய் அந்த ஒரு கட்டிக்காகக் கிண்ணத்தைக் காலி செய்யும், கூடவே தண்ணீரும் உள்ளே போகும்.

மூலிகை விஷயத்தில் சண்டை வரும் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பிரண்டை, முடக்கத்தான், கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு எல்லாம் மனிதனுக்குப் பாட்டி காலத்திலிருந்து இருக்கலாம். பிரண்டையைப் பச்சையாகத் தொட்டால் கை அரிக்கும், நறுக்கும்முன் எண்ணெய் தடவிக்கொள்வோம், சமைக்கும்போது புளி சேர்ப்போம். அந்த அரிப்பு அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகத்தால். அதை அரைத்து மாவில் பிசைந்து ஒரு நாய்க்கு ஊட்டினால் தொண்டை அரிக்கிறது என்று நாய்க்குச் சொல்லத் தெரியாது. நான் எதையும் போடுவதில்லை.

மஞ்சளும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் மிகக் கொஞ்சம்தான் சேரும். அதனால்தான் மிளகும் எண்ணெயும் சேர்த்துப் பசை காய்ச்சச் சொல்கிறார்கள். சரி, மிளகு குர்குமினை உள்ளே இழுக்கும், ஆனால் கூடவே வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் மாற்றிவிடும். நாய் ஏற்கெனவே வலி மாத்திரையிலோ வேறு மருந்திலோ இருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் இந்தப் பசையை ஆரம்பிக்காதீர்கள். குழம்புக்குப் போடும் ஒரு சிட்டிகை கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

எண்ணெயில் மூட்டு அழற்சிக்குக் கொஞ்சமாவது ஆதாரம் உள்ளது மீன் எண்ணெய்க்குத்தான், அதிலுள்ள இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்காக. தேங்காய் எண்ணெயில் இவை இரண்டுமே கிடையாது. ஆளிவிதையில் இருப்பது இன்னொரு ஒமேகா-3, நாயின் உடம்பு அதை இவையாக மாற்றுவது ரொம்பக் குறைவு. இங்கே மூன்று சறுக்கல்கள் உண்டு. ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் "மீன் மாத்திரை" என்று கேட்டால் சில சமயம் மீன் ஈரல் எண்ணெயைக் கொடுப்பார்கள். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் சேர்ந்திருக்கும், மூட்டுக்கு வேண்டிய அளவுக்கு அதைக் கொடுத்தால் வைட்டமின் மிஞ்சிப் போய் அதுவே நோயாகும். இரண்டு, அட்டையில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருப்பது மொத்த எண்ணெய். சாதாரண மாத்திரையில் 180 இபிஏ, 120 டிஹெச்ஏ, ஆக 300தான் கணக்கில் வரும். டாக்டர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அளவு மிஞ்சினால் வயிற்றோட்டம் வரலாம். மூன்று, அதை மாவில் ஊற்றி ஓவனில் சுடுவது. சூட்டில் இந்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். பரிமாறும்போது மாத்திரையை ஊசியால் குத்தி மேலே பிழியுங்கள், போதும்.

மத்தி மீன் கிடைக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதை ஆவியில் வேகவைத்து முள் எடுத்து மாவில் சேர்க்கலாம். கருவாடு வேண்டாம், அது உப்புமூட்டை.

நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது பல். ஓவனில் மொறுமொறுவென்று சுட்டதை ஜிம்மி வாயில் வாங்கிக்கொண்டு போய் சோபாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். கடைவாய்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. இப்போது மினி இட்லித் தட்டில் ஆவியில்தான் வேகவைக்கிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு 200 கிராம் வேகவைத்து மசித்தது, கேழ்வரகு மாவு 100 கிராம், ஒரு முட்டை, முள் நீக்கிய மத்தி 100 கிராம், தேவையானால் தண்ணீர். வெல்லம், உப்பு, ஈஸ்ட் எதுவும் வேண்டாம். 50 துண்டு வந்தால் ஒன்று சுமார் 15 கலோரி. அப்போது ஆறு துண்டோடு அந்த நாளின் 90 முடிந்தது, எண்ணிக் கொடுக்கலாம். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கு இந்தக் கலவையே சரிப்படாமல் போகலாம். எட்டு வயதுக்கு மேல் போன நாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

கடலை வெண்ணெய் சேர்ப்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்பதில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், ஈரலும் கெடும். பழைய கடலை, பூசணம் வாடை அடிக்கும் கடலை இரண்டையும் தொடாதீர்கள், அதில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சும் ஈரலைத்தான் தாக்கும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். ஆட்டு ஈரலை வாரத்துக்கு ஓரிரு சின்னத் துண்டோடு நிறுத்துங்கள்.

வீட்டுத் தீனியில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் கிடையாது. சென்னை ஈரத்தில் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தால் இரண்டாம் நாளே பிசுபிசுக்கும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், மீதியை ஃப்ரீசரில். பூசணம் ஒரு துண்டில் தெரிந்தாலும் டப்பா முழுக்கக் குப்பைக்கு.

கடைசியாக ஒன்று, இதைத் தப்பு என்று சொல்வதுகூடக் குறைவு. உங்கள் முட்டிவலி மாத்திரையைப் பாதி உடைத்துத் தீனிக்குள் வைப்பது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இவை நாயின் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். (டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக்கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.) டாக்டர் நாய்க்கென்று எழுதிய வலி மருந்து இருக்கும்போது அதை நிறுத்திவிட்டுத் தீனியை நம்புவதும் இதே கணக்குதான். வலியில் இருக்கும் நாய் நடக்காது, நடக்காத நாய்க்குத் தசை கரையும், தசை கரைந்தால் மூட்டு இன்னும் நோகும்.

பலன் தெரிகிறதா என்று தினமும் பார்த்தால் ஒன்றும் புரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில், தூங்கி எழும் நேரத்தில் அரை நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் எட்டாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது, அதற்குள் எடை 34க்கு வந்திருந்தது, வழுக்கும் டைல்ஸ் மேல் பாய் விரித்திருந்தோம், எனவே எதனால் என்று என்னைக் கேட்காதீர்கள். மாடிப்படி இன்னும் ஏறுவதில்லை. ஏற விடுவதும் இல்லை, கீழே கேட் போட்டுவிட்டோம்.