பிரிட்ஜ் பல்லுக்கு அடியில் நூல் விடுவது எப்படி?

என் பிரிட்ஜ் இடது பக்கம் கீழ்க் கடைவாயில் இருக்கிறது. மொத்தம் மூன்று பல். நடுவில் இருப்பது பொய்ப்பல். இரண்டு பக்கமும் அதைத் தாங்குபவை என் சொந்தப் பற்கள், ராவிவிட்டு மேலே கேப் மாட்டியவை. இது இரண்டாவது பிரிட்ஜ். முதலாவது நாலே வருஷத்தில் ஒரு நாள் சாப்பாட்டு நடுவில் கழன்று வந்துவிட்டது. உள்ளே தாங்கு பல் கரும்பழுப்பாகி, மாவு மாதிரி உதிர்ந்திருந்தது. வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல் என்பதால் ஒரு நாளும் வலித்ததில்லை. கட்டிய இடத்தில் "நல்லா பிரஷ் பண்ணுங்க" என்றார்களே தவிர, அடியில் சுத்தம் செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பிரிட்ஜ் செய்யும் பீங்கானோ, ஜிர்கோனியா என்ற கடினமான வெள்ளைப் பொருளோ சொத்தையாகாது. சொத்தையாவது அதைத் தாங்கும் பல், அதுவும் கேப்பின் விளிம்பு ஈறைத் தொடும் இடத்தில். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு பிரிட்ஜ் 10, 15 வருஷம் தாங்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்

மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், ஃப்ளாஸ் நூல், ஃப்ளாஸ் திரெடர். கடைசியாகச் சொன்னது, ஒரு முனையில் வளையம் வைத்த பிளாஸ்டிக் ஊசி. முனை மழுங்கல், குத்தாது. மருந்துக் கடையில் கேட்டால் பல நேரம் விழிப்பார்கள். ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கும். திரெடரே வேண்டாம் என்றால் சூப்பர் ஃப்ளாஸ் வாங்கலாம். ஒரு முனை விறைப்பாக, நடுவில் பஞ்சு மாதிரி உப்பலாக, மீதி சாதா நூலாக இருக்கும்.

பிரஷ்

காலையும் இரவும் இரண்டு நிமிடம். பிரஷ்ஷை ஈறைப் பார்த்துச் சாய்த்து, கேப் முடியும் கோட்டில் சின்னச் சின்னதாக ஆட்டுங்கள். பல்லின் நடுப்பகுதியை எல்லோரும் தேய்த்துவிடுகிறோம், கோடுதான் விட்டுப்போகிறது. கரித்தூள், உப்பு, செங்கல் தூள் எதுவும் வேண்டாம். பீங்கானின் மெருகு போய்விடும், பிறகு கறை சீக்கிரம் ஒட்டும். துப்பிய பிறகு வாயை ரொம்பக் கொப்பளிக்காதீர்கள், ஃப்ளோரைடு கொஞ்சம் பல்லில் தங்கட்டும்.

நூல் விடுதல்

பிரிட்ஜ் மூன்று பல்லும் ஒட்டிய ஒரே துண்டு. சாதாரணப் பல்லுக்கு விடுவது போல மேலிருந்து நூலை இறக்க முடியாது, பக்கவாட்டில்தான் நுழைக்க வேண்டும்.

1. ஒரு முழம் நூலை அறுத்து, ஊசியில் கோர்ப்பது போலத் திரெடரின் வளையத்தில் கோருங்கள்.

2. கண்ணாடி முன் நின்று, கன்னத்துப் பக்கமிருந்து திரெடரின் முனையைப் பொய்ப்பல்லுக்கும் தாங்கு பல்லுக்கும் நடுவில், ஈறை ஒட்டி நுழையுங்கள். நுழையவில்லையென்றால் இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், அழுத்த வேண்டாம்.

3. முனை நாக்குப் பக்கம் வந்ததும் பிடித்து இழுங்கள். எச்சிலில் விரல் வழுக்கும், துண்டில் துடைத்துக்கொள்ளுங்கள். திரெடரைக் கழற்றினால் நூல் மட்டும் பொய்ப்பல்லுக்கு அடியில் இருக்கும்.

4. முதலில் பொய்ப்பல்லின் அடிப்பாகத்தில் முன்னும் பின்னும் இழுங்கள். பிறகு நூலைத் தாங்கு பல்லின் பக்கம் அணைத்து, ஐந்தாறு முறை தேயுங்கள். அடுத்த இடைவெளியிலும் நூல் விட்டு மற்றத் தாங்கு பல்லுக்கும் இதே போல.

5. முடிந்ததும் ஒரு முனையை விட்டுவிட்டு, மறு முனையைப் பக்கவாட்டில் உருவுங்கள். மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

நூலை முகர்ந்து பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் எனக்கு ஊசிப்போன குழம்பு வாசம் வந்தது. முந்தைய நாள் முருங்கைக்காய்ச் சக்கையின் ஒரு இழையும் கூடவே வந்தது. ஆரம்பத்தில் ஈறில் லேசாக ரத்தம் கசியலாம், தினமும் செய்தால் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். முதல் வாரம் எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று, இப்போது இரண்டு நிமிடம். தினமும் ஒரு தடவை, படுக்கும் முன் போதும்.

தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசர் நல்லதுதான். ஆனால் ஒட்டிய படலத்தை நூல்போல உரசி எடுக்காது. விரல் நடுங்கும் பெரியவர்களுக்கு அது வசதி.

கடிப்பதில் கவனம்

கொட்டைப்பாக்கு, கரும்பு, ஐஸ் கட்டி, நல்லியெலும்பு நாலையும் அந்தப் பக்கம் கடிக்காதீர்கள். முறுக்கை உடைத்துப் போட்டுக்கொள்ளலாம், நான் விடுவதாக இல்லை. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பீங்கான் விள்ளலுக்கு அப்படிக் கடிப்பதும் ஒரு காரணம்.

எப்போது உடனே போகணும்

கடிக்கும்போது ஒரு பக்கம் லேசாக அசைவது, அழுத்தினால் ஓரத்தில் எச்சில் குமிழி வருவது, எத்தனை தேய்த்தாலும் ஒரே இடத்தில் நாற்றம், திடீர் கூச்சம்: எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பிரிட்ஜை ஒட்டிய சிமெண்ட் விட்டிருந்தால் மறு பக்கம் இறுகப் பிடித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே எச்சில் புகுந்து பல் அரிக்கும். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். வேர் சிகிச்சை செய்த பல் தாங்குகிறதென்றால், எக்ஸ்ரே எப்போது எடுக்கவேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

முழுசாகக் கழன்று வந்தால் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள், அதையே மறுபடி ஒட்ட முடியலாம். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். "ராத்திரி மட்டும் மாட்டிக்கிட்டுப் படுத்துக்கறேன்" என்பதும் வேண்டாம்: விழுங்கினால் ஒரு பாடு, மூச்சுக்குழாய்க்குள் போனால் பெரும்பாடு.