வயல் எலியை உயிரோடு பிடித்து ஆராய்வது எப்படி?

டெல்டாவில் எலி பிடிக்க மூங்கில் கிட்டிதான். அதில் மாட்டும் எலி செத்துவிடும், விவசாயிக்கு அது போதும். ஆனால் ஒரு வரப்பில் என்னென்ன எலி, எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் உயிரோடு பிடித்து, அளந்து, அதே இடத்தில் விட வேண்டும். திரும்ப விடப்போகிறோம் என்பதை வயல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், அது அவருடைய நெல்.

சம்பா கதிர் முற்றும் சமயம் நல்லது. பகலில் வரப்போடு நடந்து வளைகளைப் பாருங்கள். வாசலில் மண் குவிந்து, வாய் ஈர மண்ணால் அடைபட்டிருந்தால் அது வரப்பெலியின் வளை. விரல் நுழையும் அளவு சின்ன ஓட்டையும், பக்கத்தில் பொடிப்பொடி மண் உருண்டைகளும் இருந்தால் வயல் சுண்டெலி. எந்த வளைக்குள்ளும் கை விடாதீர்கள். எலி வளையில் நல்ல பாம்பு குடியிருக்கும்.

பொழுது சாயும்போது தகரக் கூண்டுப் பொறிகளை எலித்தடத்தில் வையுங்கள். இரைக்குக் கருவாடும் தேங்காய்ச் சில்லும் போதும். மார்கழிப் பனியில் சுண்டெலி விறைத்துச் செத்துவிடும், அதனால் உள்ளே ஒரு பிடி காய்ந்த வைக்கோல் அவசியம். விடிந்ததும் போய்ப் பாருங்கள். வெயில் ஏறினால் தகரம் கொதிக்கும். மூஞ்சூறு மாட்டியிருந்தால் உடனே திறந்துவிடுங்கள். அது எலி இனமே இல்லை, பசியும் தாங்காது.

கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரிலிருந்து சேற்றுக்கு வந்து, காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும்.

கூண்டின் வாயில் துணிப்பையைப் பிடித்துத் திறந்தால் எலி தானாகப் பைக்குள் ஓடும். பையோடு நிறுத்து, பையின் எடையைக் கழியுங்கள். அப்புறம் மூக்கு முதல் ஆசனவாய் வரை உடல், அங்கிருந்து நுனி வரை வால், பின்னங்கால், காது என்று அளந்து குறியுங்கள். வரப்பெலிக்கு வால் உடலைவிடக் குட்டை. ஆணா பெண்ணா, பெண்ணானால் முலைக்காம்பு பால் கொடுத்து நீண்டிருக்கிறதா என்பதும் வேண்டும்.

விடுவதற்கு முன் முதுகு முடியைக் கொஞ்சம் கத்தரித்து அடையாளம் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி பொறி வையுங்கள். முதலில் அடையாளமிட்டது 20, இரண்டாம் முறை மாட்டியது 25, அதில் அடையாளம் உள்ளவை 5 என்று வையுங்கள். 20ஐ 25ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 100. அந்த இடத்தில் சுமார் 100 எலிகள். ஒருமுறை மாட்டிய எலி பொறிக்குப் பயந்து ஒதுங்கினால் அடையாளம் உள்ளவை குறைவாக மாட்டும். அப்போது கணக்கு உண்மையைவிடக் கூடுதலாக வரும்.