சென்னைக் கல்லூரியில் முதலாண்டு: சமூகப் பணியைத் தொடங்குவது எப்படி?

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பிறருக்குப் பயன்படும் வேலை எதையேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. அது முதல் பருவத்தைத் தாண்டியும் நிலைக்க வேண்டுமானால், எங்கே சேர்வது என்று தேடும் முன்பே, வாரத்தில் எத்தனை மணி நேரத்தை உறுதியாக ஒதுக்க முடியும் என்று வகுப்பு அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். வருகைப்பதிவு குறைந்தால் பருவத் தேர்வையே எழுத முடியாமல் போகலாம் என்பதால், வகுப்பு நேரத்தில் கைவைக்க வேண்டாம். இடத்தையும் அன்றாடம் வந்துபோகும் பாதையிலேயே தேடுங்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் வந்துபோகும் மாணவர் திருவொற்றியூரில் மாலைப் பணியை ஏற்றால் விரைவிலேயே சோர்ந்துவிடுவார். சைதாப்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஏற்றால், வழியில் இறங்கிப் பணியை முடித்துவிட்டு அடுத்த வண்டியில் வீடு திரும்பலாம்.

முதல் வாசல் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில், அதாவது என்.எஸ்.எஸ்.ஸில், ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியரை நேரில் சந்தித்து, எந்தப் பகுதியில் பணி நடக்கிறது, அங்கு வாழ்பவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். பேரணியும் உறுதிமொழியும் மட்டுமே நடப்பதாகத் தெரிந்தால், பெயரைப் பதிந்துகொண்டு வெளியிலும் ஒரு பணியைத் தேடிக்கொள்ளுங்கள். சான்றிதழுக்குப் பணம் கேட்கும் அமைப்புகளின் பக்கம் போகவே வேண்டாம்.

முதலாண்டு மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வு எழுதித் தரும் பணியை. மாநிலக் கல்லூரி உள்ளிட்ட சென்னைக் கல்லூரிகளில் இவர்கள் படிக்கிறார்கள். தேர்வுக் காலம் வந்தால் 'சொல்வதை எழுதுபவர்' கிடைக்காமல் அலைகிறார்கள். எழுதுபவரின் கல்வித்தகுதி தேர்வரின் தகுதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று பல தேர்வுகளில் விதி இருப்பதால், மூத்த மாணவர்களைவிட முதலாண்டு மாணவர்களே இதற்குப் பொருந்துகிறார்கள். விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும். அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரப்படுவது வழக்கம். ஆகவே மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

தேர்வுக்கு முன்பு ஒரு முறையேனும் தேர்வரோடு அமர்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை எழுதிப் பழகினால், அவர் சொல்லும் வேகமும் பத்தி பிரிக்கும் முறையும் உங்களுக்குப் பிடிபடும். தேர்வறையில் வினாத்தாள் முழுவதையும் மதிப்பெண்களோடு முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். விடை தவறு என்று தெரிந்தாலும் திருத்துவது உங்கள் வேலையன்று, பேனாவை நிறுத்தித் தயங்குவதுகூட விடையைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். ஆங்கிலச் சொற்களுக்கும் பெயர்களுக்கும் எழுத்துக்கூட்டலைக் கேளுங்கள். எழுதியதை அவ்வப்போது வாசித்துக் காட்டி, மீதமுள்ள நேரத்தையும் சொல்லி வாருங்கள். ஒப்புக்கொண்டுவிட்டுப் போகாமல் இருந்தால் அவருக்கு அந்தத் தாளே போய்விடும் என்பதால், வர முடியுமா என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள். தேர்வில்லாத மாதங்களில் அவருடைய பாடநூல்களைக் கைப்பேசியில் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பலாம். விடுதி அறையிலிருந்தே செய்யக்கூடிய இந்த வேலையின் அருமை, நூல் கைக்கு வந்தும் படிக்க வழியில்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர விரும்புவோர், கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஏற்கெனவே மாலை வகுப்பு நடத்துவோருடன் சேர்ந்துகொள்வது நல்லது. தனியாகத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அவர்களைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

இரத்த தானத்திற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; முதலாண்டு மாணவர் பலருக்கு அது இன்னும் நிறைந்திருக்காது. எடை 45 கிலோவுக்குக் குறையாமலும் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒரு முறையும் தரலாம்; வெறும் வயிற்றோடு போகக் கூடாது.

கடற்கரையில் ஆர்வமுள்ளவர்கள் ஜனவரி வரை காத்திருக்கலாம். பங்குனி ஆமைகள் முட்டையிடும் அந்தப் பருவத்தில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைக் காக்கும் பணி 1988 முதல் நடந்து வருகிறது. நடை விடியும்வரை நீளக்கூடும் என்பதால், வீட்டிலோ விடுதியிலோ முன்பே அனுமதி பெறுங்கள்.

எந்தப் பணியாக இருந்தாலும், பருவத் தேர்வுக்காக விலகியிருக்கும் வாரங்களை ஒரு மாதம் முன்பே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். முற்றிலும் விலக நேர்ந்தால், யாருக்கு எந்தப் பாடம் எதுவரை முடிந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்து வருபவரைக் கூட்டிச்சென்று அறிமுகப்படுத்திவிட்டு விலகுங்கள்.