இத்தாலிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: சாம்பல் சீருடைப் படையைப் பற்றி

சென்னையிலிருந்து மிலானுக்கோ தூரினுக்கோ படிக்கப் போகும் பிள்ளைகள் அங்கே முதல் வாரத்திலேயே பலவிதச் சீருடைகளைப் பார்ப்பார்கள். குடியிருப்பு அனுமதிக்குப் போய் நிற்க வேண்டியது பொலிட்சியா என்ற அரசுக் காவல்துறையின் அலுவலகத்தில். கராபினியெரி என்பது காவல் வேலையும் பார்க்கும் வேறொரு ராணுவப் படை. சாம்பல் உடையும் காலரில் மஞ்சள் தீச்சுடரும் இருந்தால் அது குவார்தியா தி ஃபினான்சா, அதாவது நிதிக் காவல்படை. 1774-இல் சார்தீனிய அரசு அமைத்த படையிலிருந்து வளர்ந்தது. இன்று நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் இது ராணுவ அமைப்புதான். நம் ஊர்க் கணக்கில் வருமான வரித் துறை, ராஜாஜி சாலை சுங்க அலுவலகம், கடலோரக் காவல்படை மூன்றின் வேலையிலும் ஒரு பங்கு இவர்கள் கையில் இருக்கிறது.

விமான நிலையத்தில் சுங்கத் துறையோடு இவர்களும் நிற்பார்கள். 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாக இருந்தால் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். ஆவின் நெய், பால்கோவா, கோழி ஊறுகாய் எதுவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். சாம்பார் பொடி, பருப்புப் பொடி தாராளமாகப் போகலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது உதவித்தொகை விஷயம். அங்கே பிராந்திய உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் வைத்துக் கிடைக்கின்றன. அதற்குத்தான் இங்கே தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்து வருமானச் சான்றிதழ் வாங்குகிறோம். அப்போது ஏஜென்ட் மெதுவாகச் சொல்வார்: "அப்பா வருமானத்தைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டிடலாம் சார், அங்க யாரு வந்து பார்க்கப் போறா?" பார்ப்பார்கள். உதவித்தொகை வாங்கும் மாணவர்களின் வருமான ஆவணங்களைச் சரிபார்ப்பதும் ஃபினான்சாவின் வழக்கமான வேலை. பொய் என்று தெரிந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அபராதம் வரும், குற்ற வழக்கும் வரலாம். அப்போது அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். கையெழுத்துப் போட்ட பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். அம்மா பெயரில் தாம்பரத்தில் ஒரு வீடு இருந்தால் அதையும் எழுதுங்கள். உண்மையான கணக்கிலேயே நம் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. தயவுசெய்து இதில் விளையாடாதீர்கள்.

அப்புறம், தெருவில் துணி விரித்து விற்கும் போலி பிராண்ட் பையை வாங்காதீர்கள். வாங்குகிறவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். கடையில் ரசீது இல்லாமல் வெளியே வந்தால் உங்களைப் பிடிப்பார்கள் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள்; வாடிக்கையாளருக்கான அந்த அபராதம் 2003-இலேயே போய்விட்டது.

மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஒப்பந்தம் இல்லாமல் கையில் காசு தருகிறேன் என்கிற உணவகத்துக்குப் போகாதீர்கள். அங்கே சோதனைக்கு இவர்களும் வருவார்கள். வாடகை ஒப்பந்தத்தையும் வரி அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் வேறு வீடு பாருங்கள். ஃபினான்சாவிடம் நேரடியாகப் புகார் சொல்ல எண் 117.