இளம் வல்லூறா, இளம் பெஸ்ராவா?

நெஞ்சிலுள்ள கோடுகளை நம்பாதீர்கள். எங்கள் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எனக்குப் பறவைப் படம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோடுகளைத்தான் முதலில் சொல்வார்கள். வல்லூறு, பெஸ்ரா, கொண்டை வல்லூறு என்ற மூன்று வேட்டைப் பறவைகளுக்குமே இளம் வயதில் முதுகு தவிட்டு நிறம்; வெளிறிய நெஞ்சில் பழுப்புக் கோடும் பொட்டும்.

தொண்டையைப் பாருங்கள். நடுவே ஒற்றைக் கோடு இறங்கும். வல்லூற்றில் அது பென்சிலால் இழுத்ததுபோல மெல்லியது, சிலவற்றில் தேடித்தான் பிடிக்கவேண்டும். பெஸ்ராவில் கருத்து, தடித்து, தூரத்திலேயே தெரியும். பறவை குனிந்திருந்தால் இரண்டும் மறைந்துவிடும். தலை நிமிரும்வரை கமராவை இறக்காதீர்கள்.

நான் அதிகம் நம்புவது கால்களைத்தான். வல்லூற்றுக்குக் கால் சற்றுத் தடிப்பு, விரல்கள் குட்டை. பெஸ்ராவுக்குக் குச்சிக் கால். நடுவிரல் மற்றவற்றைத் தாண்டி நீண்டு கிளையைச் சுற்றிப் பிடித்திருக்கும். வெளிச்சம் மோசமான மழைநாளிலும் இது ஏமாற்றாது. அப்புறம் வால்: பெஸ்ராவில் கரும்பட்டையும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அகலம். வல்லூற்றில் கரும்பட்டைகள் ஒடுக்கம். பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம் வல்லூற்றில் வெளிறியது, பெஸ்ராவில் நெருக்கமான பட்டைகள்.

கொண்டை வல்லூறு பருமனானது. பிடரியில் சிறு கொண்டை, உருண்டு திரண்ட கால்கள். ஆனால் பருமனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இந்தக் குடும்பத்தில் பெண் ஆணைவிடப் பெரிது, ஒரே கூட்டுப் பிள்ளைகளே இரண்டு இனம்போலத் தெரியும்.

இடத்தையும் யோசியுங்கள். கொழும்புத் தோட்டத்து மாமரத்தில், காகங்கள் சூழ்ந்து கத்த, சின்னதாக ஒன்று உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் வல்லூறுதான். பெஸ்ராவுக்குச் சிங்கராஜா போன்ற ஈரக் காடுகளும் மலைநாடும்தான் பிடிக்கும். வெள்ளவத்தையில் கண்டேன் என்றால் நான் தொண்டையும் காலும் தெளிவாகத் தெரியும் படம் கேட்பேன், கோபிக்கக் கூடாது.

கொழும்புப் பேரை வாவிக்கு மேலே தவிட்டு நிறத்தில் வட்டமிடுவது வேறு கதை. பெரும்பாலும் செம்பருந்தின் இளசு. வால் நுனி வட்டமாக வளைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பார்த்துப் பழகிய கரும்பருந்துக்கு வால் நுனி சற்றுப் பிளந்திருக்கும்.