கொலாஜன் கிரீம்: என்ன செய்யும், எப்படிப் பூசுவது

முதலில் ஒன்று: கிரீமில் இருக்கும் கொலாஜன் தோலுக்குள் இறங்கி, குறைந்துபோன கொலாஜனை நிரப்பாது. கொலாஜன் முப்புரிக் கயிறு போல மூன்று இழை முறுக்கிக் கிடக்கும் புரதம். அதன் மூலக்கூறு எடை, டால்டன் என்ற அலகில், சுமார் 3,00,000. தோலின் மேலடுக்கைத் தாண்ட வேண்டுமானால் ஒரு பொருள் ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். எள் சலிக்கிற சல்லடையில் தேங்காயைப் போட்ட மாதிரிதான். 'ஹைட்ரோலைஸ்டு கொலாஜன்' என்பது நொதி கொண்டு துண்டாக்கியது. அந்தத் துண்டும் பெரும்பாலும் சில ஆயிரம் டால்டன் இருக்கும், அதுவும் மேலேயேதான் தங்கும்.

ஆனால் மேலே தங்குவதிலும் பயன் உண்டு. நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்லிய படலமாகி ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். வறட்சியால் விழுந்த மெல்லிய கோடுகள் சில மணி நேரம் மங்கித் தெரியும். முகம் கழுவினால் அதுவும் போய்விடும். அதாவது இது நல்ல ஈரப்பூச்சு. அந்த விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதிகம் சேர்த்த பொருள் முதலில் வரும். வாசனைப் பொருளுக்கும் பின்னால் கொலாஜன் வந்தால் பெயருக்குத்தான் இருக்கிறது. கிளிசரின் முதல் ஐந்துக்குள் வருகிற கிரீம் பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். 'மெரைன்' என்றால் மீனின் தோலும் செதிலும். மற்றவை பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து வருபவை. சைவக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது. செடிகளில் கொலாஜன் கிடையாது. 'வீகன் கொலாஜன்' என்று விற்பதில் பெரும்பாலும் தாவரப் புரதமோ பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டோதான் இருக்கும்.

புதுக் கிரீமை நேராக முகத்தில் பூசாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, 7 நாள் தடவுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். மீன் சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்களுக்கு மெரைன் வகையே வேண்டாம்.

பூசுவதற்கு ஏற்ற நேரம் குளித்தவுடன். கடலோரத்தில், வேதாரண்யம் பக்கம் போல, போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் தோலில் படிந்து இழுத்துப் பிடிக்கும். கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரால் முகத்தை அலசுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயுமுன், 3 நிமிடத்துக்குள், பட்டாணி அளவு கிரீமை முகத்துக்கும் இன்னொரு பட்டாணி அளவைக் கழுத்துக்கும் தடவுங்கள். மார்கழி, தை பனியில் கெட்டிக் கிரீம் சரி. கத்திரியில் அதையே பூசினால் வியர்வையோடு கலந்து பிசுபிசுத்து, பரு வரும். அப்போது ஜெல் வகைக்கு மாறுங்கள்.

குடிப்பதற்கு விற்கும் கொலாஜன் பொடியைக் கிரீமில் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரீம் கெடாமல் இருக்கப் போட்ட பதப்படுத்தும் பொருள் அந்தப் புதுப் புரதத்துக்கும் சேர்த்து அளந்தது அல்ல. பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்துவிடும். மீன் தோலை வேகவைத்துப் பூசினால் கிடைப்பது ஜெலட்டினும் வாடையும்தான். ஈர விரலை டப்பாவில் விடுவதும் கெடுதல். டப்பாவில் அச்சிட்டிருக்கும் மூடி திறந்த டப்பாப் படத்துக்குள் இருக்கும் 6 அல்லது 12 என்ற எண், திறந்த பின் எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்கிறது. தகரக் கூரைக்கு அடியிலும் ஜன்னல் திண்டிலும் வைத்தால் அதற்கு முன்பே பிரிந்துவிடும்.

உள்ளே இருக்கிற கொலாஜனைக் காப்பதுதான் பெரிய வேலை. வெயிலின் யுவிஏ கதிர், கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தோலில் தூண்டிவிடுகிறது. மேகத்தையும் கண்ணாடியையும் தாண்டி வரும். தினமும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் இது பொருந்தும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், பிஏ+++ (யுவிஏ தடுப்பின் அளவு) உள்ள சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் எடுத்து, கிளம்புவதற்கு 20 நிமிடம் முன் முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். வியர்வை கொட்டும் வயலில் அது நிற்காது. நடவுப் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டுகிறார்களே, அங்கே அதுதான் கெட்டிக்காரத்தனம்.

தோல் தானாகக் கொலாஜன் செய்ய உதவுவது ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். 0.1 முதல் 0.3 சதவீதம் போதும். இரவில் காய்ந்த முகத்தில் பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாள் என்று தொடங்குங்கள். தோல் உரிந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. காலையில் 10 சதவீத வைட்டமின் சி சீரம் பூசலாம். பழுப்பு நிறமானால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள்.

'சிவப்பழகு' என்று சீட்டில்லாமல் மருந்துக் கடையில் கிடைக்கும் ட்யூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு கொலாஜன் உற்பத்தி குறைந்து தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும். மாதக்கணக்கில் பூசியிருந்தால் ஒரேயடியாக நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் கிளம்பும். ட்யூபை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தோல் பிரிவுக்கோ, பக்கத்தில் உள்ள தோல் மருத்துவரிடமோ போய்க் காட்டி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.