அலுமினிய டேங்கில் பெயின்ட் உரியாமல் இருக்க

பழைய பைக்கின் டேங்க் அலுமினியமா, இரும்பா? காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வேலைமுறையே வேறு.

பழைய பெயின்டை எடுக்கக் காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், அலுமினியத்தையே அரித்துவிடும். இரும்புக் கம்பிப் பிரஷும் வேண்டாம், இரும்புத் துகள் உள்ளே பதிந்து பிறகு அரிப்பைக் கிளப்பும். உப்புத்தாள் போதும்.

தேய்த்த அலுமினியத்தில் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படலம் பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் போடும் பூச்சு) அடித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மறுபடி தேய்க்கத்தான் வேண்டும். பட்டி பார்ப்பதெல்லாம் அதற்கு மேல்தான்.

பெயின்டுக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண ஸ்ப்ரே டின் கிளியர், பெட்ரோல் சிந்தினால் பிசுபிசுத்துவிடும். ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் டூகே (2K) கிளியர்தான் தாங்கும். மூடி வாயின் விளிம்பு வரை அடியுங்கள், உரிவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது, முறையான சுவாசக் கவசம் இல்லாவிட்டால் பெயின்டரிடமே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், டேங்க் ஒழுகுகிறதா என்று பெயின்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிறகு ஒழுகலை அடைக்க வெல்டிங் வைத்தால், அந்தச் சூட்டில் புது பெயின்ட் கருகிவிடும்.